பாட்டரிக்காகப் பெட்டியை எறிவதா?

கிழக்கு மாரெட்பள்ளியிலும் மேற்கு மாரெட்பள்ளியிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வசித்து வருகின்றன. ரயில்வேக்கும் வங்கிகளுக்கும் மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்கும் உத்தியோகம் பார்க்க வந்து, ரிடையரான பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். வெளி மாநிலத்தில் வாழ்பவர்களுக்குத் தாய்மொழிப் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஊரோடு உள்ள உறவு அது. ஒரு காலத்தில் டிரான்ஸிஸ்டரில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். இன்று அந்த இடத்தில் கைபேசியும், பென் டிரைவ் செருகும் கைப்பெட்டியும், 2017-ல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த கார்வான் போல பழைய பாட்டுக்களைப் பதிந்தே விற்கும் பெட்டிகளும் வந்து அமர்ந்திருக்கின்றன.

இந்தப் பெட்டிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகின்றன என்ற குறை பல வீடுகளில் உண்டு. பெரும்பாலும் பழுதாவது பெட்டி அல்ல, உள்ளே இருக்கும் பாட்டரிதான். அது சீக்கிரம் மூப்படைவதற்குப் பழைய நாளையப் பழக்கங்களும் ஒரு காரணம்.

டிரான்ஸிஸ்டர் காலத்தில் 1.5 வோல்ட் பாட்டரிக் கட்டைகள் தளர்ந்தால் மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்பார்கள். சிறிது நேரம் பாட்டு வந்தது உண்மை. சூட்டில் ரசாயன வினை சற்று வேகமாக நடந்ததே அதற்குக் காரணம். புதிதாக மின்சாரம் ஏதும் ஏறியதில்லை. பின்னர் நிக்கல் காட்மியம் பாட்டரிகள் வந்தபோது, முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பாட்டரிக்கு அது ஓரளவு பொருந்திற்று.

ஆனால் இன்றைய பெட்டிகளில் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. 1991-ல் ஸோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் குணமே வேறு. வெயில் இதற்கு விஷம். அடியோடு தீர்ந்துபோவதும் ஆகாது. நூற்றுக்கு நூறு நிரம்பிய நிலையிலேயே நாட்கணக்கில் இருப்பதும் ஆகாது. வழக்கமாக 300 முதல் 500 முழுச் சுற்று சார்ஜுக்குப் பின் இதன் கொள்ளளவு சுமார் 80 சதவீதமாகக் குறைந்துவிடும். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று என்றே கணக்கு. ஆகவே அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதால் ஆயுள் குறையும் என்ற அச்சம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது சொற்பமே. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன் ஏற்றி, 80 சதவீதம் வந்ததும் எடுத்துவிடுவது நல்லது. ஹைதராபாத்தில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பெட்டியை ஜன்னலோரத்திலோ பூட்டிய காரிலோ வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைப்பது ஆபத்து. விடுமுறைக்கு ஒரு மாதம் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் பாதி சார்ஜோடு அணைத்து வைத்துவிட்டுப் போகலாம். கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது திரையை அணைத்தாலே சார்ஜ் வெகுநேரம் நிற்கும். பாட்டரி உப்பியிருந்தால் அந்த நிமிஷமே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்திப் பார்ப்பதோ குப்பைத் தொட்டியில் போடுவதோ தகாது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன.

இவ்வளவு கவனித்தாலும் பாட்டரிக்கு ஒரு நாள் முடிவு உண்டு. அப்போது பெட்டியும் சாக வேண்டுமா என்பதே கேள்வி. டிரான்ஸிஸ்டருக்குப் பெட்டிக்கடையில் கட்டை வாங்கிப் போட்டால் போதும். வீட்டுச் சிறுவனே மாற்றிவிடுவான். இன்று பல பெட்டிகளில் பாட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பார்க் லேன் செனாய் டிரேட் சென்டரிலும் அபிட்ஸ் ஜகதீஷ் மார்க்கெட்டிலும் திறந்து மாற்றித் தரும் கைதேர்ந்தவர்கள் இருக்கலாம். ஆனால் எண்பது வயதுப் பெரியவர் அதற்காக அலைய முடியுமா? பென்ஷனில் காலம் தள்ளுகிறவரும், மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிற தொழிலாளியும் பாட்டரிக்காகப் புதுப் பெட்டியே வாங்குவது எந்த நியாயம்?

இது புதிய வழக்கும் அல்ல. 2001-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபாட் பெட்டியின் பாட்டரியை உபயோகிப்பவர் எளிதில் மாற்ற முடியாது. ஐபாட் பாட்டரியைக் குறித்து அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2005-ல் வாடிக்கையாளர்களுக்குச் சலுகைக் கூப்பன் போன்ற நிவாரணம் தருவதாகச் சமரசம் ஏற்பட்டது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டமே இயற்றிவிட்டது. சில விலக்குகள் நீங்கலாக, சிறு சாதனங்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதிக்கு அது குறித்த நாள் 2027 பிப்ரவரி 18.

ஒட்டி வைத்தால்தான் மெலிதாகவும் தண்ணீர் புகாமலும் செய்ய முடியும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். கைபேசிக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். மேஜை மேல் உட்கார்ந்து பாடும் பெட்டிக்கு மெலிவு எதற்கு? நோக்கியா கைபேசிகளுக்காக வந்த பிஎல்-5சி பாட்டரியைப் போட்டுக் கழற்றும் சாதாரண எஃப்.எம். பெட்டிகள் சந்தையில் எத்தனையோ உண்டு. மலிவுப் பெட்டியில் முடிவது விலையுயர்ந்த பெட்டியில் முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தகவல் தருவதோடு நின்றால் போதாது. பாட்டரியை மாற்றும் வசதியும், அது கிடைக்கும் என்ற உத்தரவாதமும் விதியாக வேண்டும். அதுவரை வாங்குகிறவர்கள் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. எத்தனை பாட்டு இருக்கிறது என்று கேட்பதற்கு முன், பாட்டரியை மாற்ற முடியுமா, என்ன விலை ஆகும் என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் கடையை விட்டு அடுத்த கடைக்கு நடக்கட்டும். பத்துப் பேர் அப்படி நடந்தால், பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.