நூலகத்தில் கணினி யாருக்காக?

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற இவர், நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் இருப்பது பயன்படுத்தவே என்பது முதல் விதி. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள் என்று அறியும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது.

நம் பள்ளி நூலகத்தில் நூல்களுக்குச் சங்கிலி இல்லை. விரும்பியதை எடுத்துப் படிக்கிறோம். கணினிகள் இரண்டும் மட்டும் துணியுறை போர்த்தியபடி இருக்கின்றன. ஆசிரியை படம் காட்ட வரும்போது உறை நீங்கும். நாங்கள் கைகட்டிப் பார்ப்போம்.

இணையத்தில் தீமையும் உண்டு என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் கிணறு உள்ள ஊரில் பிள்ளைகளுக்கு நீந்தவும் கற்றுத் தருவார்கள் அல்லவா? வீட்டிலேயே கற்கலாமே என்பாரும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்குள் வந்தன. ஒரே கைபேசி இருந்த வீடுகளில் அது முதலில் அண்ணன் கைக்குப் போயிற்று. பாத்திரம் துலக்கி முடித்த பிறகே தங்கையின் கைக்கு வந்தது. எங்களுள் பலருக்கு இன்றும் அதே நிலைதான். அவர்களுக்குப் பள்ளி நூலகத்தை விட்டால் வேறு இடமில்லை.

கற்று என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். படமும் பாட்டும் பார்க்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விக்கிமூலம் என்றோர் இணைய நூலகம் இருக்கிறது. அங்கே பழைய தமிழ் நூல்களின் பக்கங்களைப் படமாக ஏற்றியிருக்கிறார்கள். ஒருபுறம் பக்கத்தின் படம். மறுபுறம் அதைக் கணினி தானே படித்தெடுத்த எழுத்துகள். ‘ர’ எழுத்தையும் துணைக்காலையும் ஒன்றென எண்ணிக் கணினி சில இடங்களில் குழம்பிவிடும்! மனிதர்தான் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சையாகும். பிறகு உலகில் எவரும் அந்நூலைப் பிழையின்றி, காசின்றிப் படிக்கலாம். பிழை நீக்குவதில் ஆறாம் வகுப்பு முதல் எங்களுக்குப் பயிற்சி உண்டு. தமிழம்மாவின் சிவப்பு மையே சாட்சி. அந்தப் பயிற்சி ஒரு நூலுக்குப் பயன்படட்டுமே!

இதற்குத் தமிழ்த் தட்டச்சு தெரிய வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் உள்ளன. 31 விசைகளால் 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். ‘க’வையும் ‘இ’யையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கி’ வந்து நிற்கும். ஒன்றாம் வகுப்பில் கற்ற பாடந்தான்! ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பும் அக்காமார் இதை ஏன் கற்கவில்லையோ தெரியவில்லை.

ஐயுறவும் கற்க வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றைக் காட்டும் இணைப்பு ஒன்று உண்டு. எந்த நாளில், எந்தப் பயனர், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் தெரியும். திரையில் முதலில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டிக் கொண்டுவரும் மாணவிக்கு இதை யார் சொல்வது? கேட்டதற்கெல்லாம் நொடியில் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவும் இப்போது வந்துவிட்டது. அந்த விடை எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகாதவள் ஏமாந்து போவாள்.

வாரம் ஒரு நூலகப் பாடவேளை போதும். கணினிக்கு இருவராக நால்வர் அமரலாம். மற்றவர்கள் வழக்கம்போல் படிக்கட்டும். நூலக சிஸ்டர் அவர்களின் பார்வையில் திரை படும்படி மேசையைத் திருப்பிப் போட்டால் பெற்றோருக்கும் கவலை இராது. நாங்கள் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிச் சென்றுவிடுவோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஜூன் மாதத்தில் தங்கள் முதல் பக்கத்தை மஞ்சளாக்கும் வண்ணம் அந்த உறைகளை நீக்கித் தருமாறு தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவன்புடன் வேண்டுகிறோம்.