பூட்டிய கணினி அறையும் 443 என்ற இலக்கமும்

ஏ.எல். ஐசிடி படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "எச்டிடிபிஎஸ்ஸின் போர்ட் இலக்கம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். 443 என்று உடனே பதில் வரும். எச்டிடிபிக்கு 80, மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபிக்கு 25, டிஎன்எஸ்ஸுக்கு 53. எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அடுத்து, "அந்த 443 இல் என்ன நடக்குது மகன்? அங்க யார் இருக்கிற?" என்று கேளுங்கள். பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

பிள்ளையில் குறை இல்லை. பரீட்சைக்கு இலக்கம் தெரிந்தால் போதும் என்ற நினைப்பில் ரியூஷன் நோட்ஸும் இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள விஷயத்தைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்க யாரும் விடவில்லை.

ஐசிடி படிப்பிக்கிற ஆசிரியர் என்ற முறையில் என் கருத்தை நேரடியாகவே சொல்கிறேன். நமது ஊரில் ஏ.எல். ஐசிடி எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும், பரீட்சைக்கு முன் ஒரு தடவையாவது, ஒன்றோடொன்று பேசும் இரண்டு சின்ன புரோகிராம்களைத் தன் கையால் எழுதி இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கணினியில் டைப் செய்த "ஸலாம்" மற்றக் கணினியின் திரையில் வர வேண்டும். இதற்குத்தான் சொக்கெட் புரோகிராமிங் என்று பெயர். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. புதிய கணினி தேவையில்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. கணினி அறையின் கதவு திறந்திருந்தால் போதும். நம்மில் பல பாடசாலைகளில் அந்தக் கதவுதான் திறப்பதில்லை.

சொக்கெட் என்றதும் சுவரில் இருக்கும் பிளக் சொக்கெட்தான் பெற்றோருக்கு ஞாபகம் வரும். கிட்டத்தட்ட அதேதான். கரண்ட் எங்கே உற்பத்தியாகிறது, எந்தக் கம்பி வழியாக வருகிறது என்று தெரியாமலே நாம் பிளக்கைச் செருகுகிறோம். அதுபோல ஒரு புரோகிராம் வலையமைப்போடு இணையும் இடம்தான் சொக்கெட். கேபிளா, வைஃபையா, கடலுக்கு அடியில் போகும் ஃபைபரா என்பதைப் பற்றி அந்தப் புரோகிராம் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்று உலகம் முழுவதும் பாவிக்கும் இந்த முறையை அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பெர்க்லியில், யுனிக்ஸ் இயங்குதளத்தின் 4.2 பிஎஸ்டி பதிப்பில் 1983 இல் வெளியிட்டார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. விண்டோஸ், லினக்ஸ், உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போன் எல்லாவற்றிலும் இன்றும் அதே முறைதான். நீங்கள் வட்ஸ்அப்பில் "சாப்பிட்டாச்சா?" என்று அனுப்பும்போதும் உள்ளே ஒரு சொக்கெட் திறந்துதான் இருக்கிறது.

இதை ஒரு கடைத்தொகுதியை வைத்து விளங்கப்படுத்தலாம். ஐபி முகவரி என்பது கட்டடத்தின் முகவரி. போர்ட் இலக்கம் என்பது அந்தக் கட்டடத்துக்குள் கடை இலக்கம். ஒரு கணினியில் 0 முதல் 65535 வரை இப்படி இலக்கங்கள் உண்டு. சேவையகப் புரோகிராம் முதலில் சொக்கெட் ஒன்றை உருவாக்குகிறது. "பைன்ட்" என்ற கட்டளையால் ஒரு கடை இலக்கத்தைத் தன் பெயரில் எடுக்கிறது. "லிசின்" என்றதும் ஷட்டரைத் தூக்கி வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறது. மறுபக்கத்தில் இன்னொரு புரோகிராம் ஒரு சொக்கெட்டை உருவாக்கி, முகவரியையும் கடை இலக்கத்தையும் கொடுத்து "கனெக்ட்" என்கிறது. வந்தவரை "அக்செப்ட்" என்று உள்ளே எடுத்ததும், அவரோடு மட்டும் பேச ஒரு புதிய சொக்கெட் கிடைக்கிறது. முதல் சொக்கெட் வாசலிலேயே நின்று அடுத்த ஆளைப் பார்க்கிறது. அதனால்தான் ஆயிரம் பேர் ஒரே 443 க்கு வந்தாலும் ஒருவருக்குரிய பதில் இன்னொருவருக்குப் போவதில்லை. வருகின்றவரின் முகவரியும் அவருக்குத் தற்காலிகமாகக் கிடைத்த போர்ட் இலக்கமும் சேர்த்தே கணக்கு வைக்கப்படுகிறது.

பைதனில் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது வரிக்குள் எழுதி முடித்துவிடலாம். ஏ.எல். பாடத்திட்டத்தில் வலையமைப்பு ஓர் அலகு, பைதன் இன்னோர் அலகு. இரண்டையும் வெவ்வேறு தவணையில் வெவ்வேறு கொப்பியில் எழுதிய பிள்ளைக்கு, இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்பதை இந்த இருபது வரியில் காட்டலாம்.

டிசிபி, யூடிபி வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒன்று நம்பகமானது, மற்றது நம்பகமற்றது" என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். கட்டாரில் இருக்கும் வாப்பாவுக்கு கோல் எடுத்தால் முதலில் என்ன நடக்கும்? "கேக்குதா?" "கேக்குது, நான் பேசுறது கேக்குதா?" "ஓம், கேக்குது." அதற்குப் பிறகுதான் விஷயம். டிசிபியின் மும்முனைக் கைகுலுக்கல் இதுதான். நடுவில் ஒரு சொல் விழுந்தால் திரும்பச் சொல்ல வைத்து, வரிசை மாறாமல் சேர்க்கும். யூடிபி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவிப்பதைப் போன்றது. அறிவித்தவர் அறிவித்துவிட்டுப் போய்விடுவார். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வேகம். இந்த இரண்டையும் சொக்கெட்டில் எழுதிப் பார்க்கும் பிள்ளை, சேவையகம் ஓடாத நேரத்தில் டிசிபி "இணைய முடியவில்லை" என்று அந்த இடத்திலேயே நிற்பதையும், யூடிபி ஒன்றுமே நடக்காததுபோல் அனுப்பிவிட்டுப் போவதையும் கண்ணால் காணும். பிறகு நோட்ஸ் தேவைப்படாது.

பிழைச் செய்திகளும் பாடம்தான். "கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்" என்று வந்தால் பெரும்பாலும் கட்டடத்துக்கு வந்துவிட்டோம், அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். "டைம்டு அவுட்" என்று வந்தால் பதிலே இல்லை. முகவரி பிழையாக இருக்கலாம், அல்லது வாசலில் நிற்கும் ஃபயர்வோல் காவலாளி சத்தமில்லாமல் தடுத்திருக்கலாம். "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்றால் அந்தக் கடையில் வேறு யாரோ இருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது வந்தாலே கையை எடுத்துவிடும் நமது பிள்ளைகள், அதை வாசித்துக் காரணத்தைத் தேடப் பழகுவார்கள். இது ஐசிடிக்கு மட்டும் உதவும் பழக்கம் இல்லை.

நமது மொழியோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. சொக்கெட் வழியாக எழுத்து போவதில்லை, பைட்தான் போகும். எழுத்தை அப்படியே அனுப்பப் பார்த்தால் பைதன் மறுத்துவிடும். யுடிஎஃப்-8 முறையில் "ஸலாம்" என்ற சொல்லை மாற்றினால் 15 பைட் வரும். ஸ, ல, ஆகாரக் கால், ம, மேலே உள்ள புள்ளி என்று 5 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இதையே ஆங்கில எழுத்து ஐந்தில் எழுதினால் 5 பைட்தான். இப்போது பெறுகின்ற பக்கத்தில் "ஒரு தடவைக்கு 10 பைட் எடு" என்று எழுதியிருந்தால் என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் பிரச்சினை இல்லை. தமிழில் 'ம' என்ற எழுத்து நடுவால் வெட்டுப்பட்டு, புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடும். டிசிபி எழுத்துக்கோ சொல்லுக்கோ எல்லை போடுவதில்லை, அது தண்ணீர்க் குழாய் மாதிரி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது. தமிழில் மென்பொருள் செய்யும் எவரும் ஒரு நாள் இந்த இடத்தில் முட்டியே ஆக வேண்டும். அதை நமது பிள்ளை பதினெட்டு வயதில் முட்டட்டுமே.

இதைச் சொன்னால் வழக்கமாக வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"பாடசாலையில் இன்டர்நெட் இல்லையே சேர்." தேவையில்லை. 127.0.0.1 என்ற முகவரி எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும். ஒரே கணினியில் இரண்டு ஜன்னலைத் திறந்து, ஒன்றில் சேவையகத்தையும் மற்றதில் வாடிக்கையாளரையும் ஓட்டலாம். இரண்டு பழைய கணினிகளும் ஒரு சின்ன சுவிட்சும் இரண்டு கேபிளும் இருந்தால் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பலாம். பெரும்பாலான போன்களில் டேட்டாவை நிறுத்திவிட்டு ஹொட்ஸ்பொட்டை மட்டும் போட்டாலும் இரண்டு லெப்டொப்புகள் பேசிக்கொள்ளும். இன்டர்நெட் வேறு, வலையமைப்பு வேறு என்பதே முதல் பாடமாக ஆகிவிடும்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை. பரீட்சையில் சொக்கெட் எழுதச் சொல்லி வருமா?" வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போர்ட், ஐபி, டிசிபி, யூடிபி, சேவையகம், வாடிக்கையாளர் என்ற அத்தனை சொல்லையும் இரண்டு மணித்தியாலத்தில் ஒரே மேசையில் காட்ட முடிகிறது. அதே சொற்களை வாயால் விளங்கப்படுத்த எத்தனை பாடவேளை போகிறது என்று ஐசிடி ஆசிரியர்களுக்குத் தெரியும். செய்து கற்றல் என்று கல்வியியற் கல்லூரியில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான்.

"இதெல்லாம் ஹெக்கிங் வேலை, பிள்ளை கெட்டுப்போயிடும்." இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் நமது நாட்டில் இருக்கிறது. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது குற்றம். அதைப் பிள்ளைக்குச் சொல்லியே படிப்பிப்போம். ஆனால் கதவு எப்படித் திறக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் எந்தக் கதவை மூடி வைக்க வேண்டும் என்றும் அறியும். 127.0.0.1 இல் திறந்தால் தன் கணினிக்கு மட்டும், 0.0.0.0 இல் திறந்தால் அந்த வலையமைப்பில் உள்ள மற்றவர்களும் வரலாம். இந்த வித்தியாசத்தை அறிந்த பிள்ளை, விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்கும்போது வாசிக்காமல் "ஓகே" அழுத்தாது.

"கணினி பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு?" உண்மையில் கதவு பூட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் நமது சகோதரர்களும் பழைய மாணவர்களும் காசு சேர்த்து வாங்கித் தந்த கணினிகள், துணி போர்த்தப்பட்டு, பொருட்பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளை தொட்டால் பழுதாகும் என்று பயப்படுகிறோம். தொடாமல் வைத்தாலும் தூசியிலும் ஈரத்திலும் அது பழுதாகத்தான் போகிறது. கொடுத்தவர்கள் பதிவேட்டுக்காகக் கொடுக்கவில்லை.

இது ஒரு விளையாட்டு வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2004 டிசம்பர் 26 ஐக் கரையோரத்தில் உள்ள நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தச் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணம் கேட்டோர், கொடுத்தோர் ஆகிய விபரங்களை ஒரே இடத்தில் பார்க்க இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் "சஹானா" என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. ஓர் அலுவலகத்தில் பதிந்த விபரம் இன்னோர் அலுவலகத்தின் திரையில் தெரிவதற்கு அடியில் இருந்தது நான் மேலே சொன்ன அதே சொக்கெட்தான். இந்தச் சின்னத் தீவில் உள்ளவர்கள் எழுதி உலகத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த தடவை எழுதுபவர்களில் நமது ஊர்ப் பிள்ளையும் ஒருவராக இருக்கக் கூடாதா? மற்றவர்கள் செய்த எப்பை டவுன்லோட் செய்து பாவிக்க மட்டுமா நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்?

ஆகவே அதிபர்களிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், பழைய மாணவர் சங்கத்திடமும் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 8.30 முதல் 11.30 வரை கணினி அறையைத் திறந்து தாருங்கள். பின்னேரம் வைத்தால் பெண் பிள்ளைகள் வருவது கஷ்டம், அதனால்தான் காலை என்கிறேன். ஓர் ஆசிரியை கட்டாயம் கூட இருக்கட்டும். ஐசிடி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தாத்தாமாரும் வேலைக்குப் போகும் நானாமாரும் மாறி மாறி வந்து உதவலாம். புதிய கட்டடமும் திறப்பு விழாவும் வேண்டாம். சுவிட்ச் ஒன்று, கேபிள் நான்கு, ஓடுகின்ற பழைய கணினி நான்கு போதும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் பிள்ளையிடம் "எத்தனை நோட்ஸ் முடிந்தது?" என்று கேட்பதோடு, "நீ எழுதின புரோகிராம் ஒன்றைக் காட்டு பார்ப்போம்" என்றும் கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் பிள்ளையை ஏச வேண்டாம். பாடசாலைக்கு வந்து, கணினி அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு பெற்றோர் கேட்டால் பதில் வராமல் போகலாம், இருபது பேர் கேட்டால் திறப்பு வரும்.

விரும்புகிற பாடசாலைகள் எனக்குத் தகவல் தாருங்கள். முதல் இரண்டு சனிக்கிழமைக்கும் நானே வருகிறேன், இன்ஷா அல்லாஹ். இதில் மாற்றுக் கருத்து உள்ள ஆசிரியர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.