அலுமாரிக்குள் பேண்ட், கேட்டுக்கு வெளியே தப்பு

வட்டவளை மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலேயே அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அப்படியொரு ஜூன் மாதத்தில், நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, ஸ்கூல் கேட்டிலிருந்து மேடை வரைக்கும் எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கட்டடம் திறக்க ஒரு பெரிய ஆள் வருகிறார். பத்து மணிக்கு என்றார்கள், வந்தது பன்னிரண்டரைக்கு. மெலோடிக்கா வைத்திருந்த பிள்ளைகள் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். ட்ரம் அடிக்கிற நாங்கள் தோலுக்கு மேலே பொலித்தீன் கட்டிக்கொண்டு நின்றோம். நாங்க நனையலாம், சாமான் நனையக் கூடாது.

வாகனம் வந்தது, வாசித்தோம். மொத்தம் மூன்று நிமிடம். அவருக்கு மாலை விழுந்தது, எங்கள் வாத்தியங்கள் அலுமாரிக்குப் போயின. அந்த அலுமாரி அடுத்து திறந்தது இல்ல விளையாட்டுப் போட்டிக்குத்தான்.

இதை ஒரு பாடசாலையின் குறையாகச் சொல்லவில்லை. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் படித்த நண்பர்களைக் கேட்டாலும் பேண்ட் கதை ஏறக்குறைய இதே கதைதான். நான்கைந்து மெட்டு. அதையும் காதால் கேட்டு, விரலைப் பார்த்துப் பழகினது. எந்தச் சுரத்தை வாசிக்கிறோம் என்று தெரியாது. ஓ.எல். வருஷம் வந்தால் பேண்டை விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு வாழ்க்கையில் மறுபடி ஒரு வாத்தியத்தைத் தொடுவது நூற்றுக்கு ஒரு பிள்ளைகூட இருக்குமோ தெரியாது.

நான் கேட்பது இதுதான். நமது அரசாங்கப் பாடசாலைகளில் இருக்கும் பேண்டை ஓர் இசைக்குழுவாக மாற்ற வேண்டும். அந்தக் குழுவில் தப்புக்கும் ஓர் இடம் வேண்டும்.

இசைக்குழு என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது திருவிழா மேடை, கீபோர்ட், இரண்டு பெரிய ஸ்பீக்கர். அதைச் சொல்லவில்லை. பேண்டுக்கும் நான் சொல்கிற குழுவுக்கும் பெரிய வித்தியாசம் வாத்தியத்தில் இல்லை, முகம் பார்க்கிற திசையில்தான். பேண்ட் பிள்ளை முன்னால் நடக்கிறவனின் முதுகைப் பார்க்கிறது, இல்லாவிட்டால் வரப்போகிற விருந்தாளியைப் பார்க்கிறது. குழுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பக்கத்துப் பிள்ளை என்ன வாசிக்கிறது என்று கேட்கிறது. தன் முறை வரும்வரை பொறுக்கிறது, தன் சத்தம் கூடிவிட்டால் குறைக்கிறது. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் கடைசி வாங்கில் ஒளிந்துகொள்ளப் பழகின பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி தப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் தம்பி தப்படிப்பவர். தேர்த் திருவிழா, காமன் கூத்து, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் மாமாவைக் கூப்பிட்டுத்தான் வருவார்கள். பேண்டில் சேர்ந்த புதிதில் நான் வீட்டில் தகர வாளியைக் கவிழ்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். மாமா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “இது நம்ம சாமி எறங்குற அடி மாதிரியில்ல இருக்கு. குச்சிதான் வேற.” எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் சொன்னது, “மாமா, ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த வார்த்தை எனக்கு உறுத்துகிறது.

இரண்டு வருஷம் கழித்து, தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கிராமிய நடனம் பழக்கினார்கள். அதற்குத் தப்பு வேண்டும். மாமாவிடம்தான் கேட்டார்கள். அவர் காய்ந்த மானாப்புல்லை ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். நம்ம பக்கத்து ஈரத்துக்குத் தப்புத் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். கேட்டுக்கு வெளியே நெருப்பு மூட்டிக் காய்ச்சிக் கொடுத்தார். தப்பு உள்ளே போனது. அடித்தது வேறொரு பையன். மாமா வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று ஒருவரும் கூப்பிடவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. மலையகத்தில் சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் எதையும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் லயத்து ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்குக் கூப்பிட்டது தப்புச் சத்தம்தான். துரைக்கும் கங்காணிக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தது அது. கோயிலில் சாமியை இறக்கினதும், செத்தவர்களைக் குழி வரைக்கும் கொண்டுபோய் விட்டதும் அதே தப்பு. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருஷம் என்று ஊரெல்லாம் பேசினோம். அந்த 200 வருஷத்தையும் கூடவே இருந்து பார்த்த வாத்தியம் எது என்று கேட்டால் பதில் மெலோடிக்கா இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். இரண்டுமே நியாயமானவை.

முதலாவது, “கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இங்கிலீஷுக்கும் ஆசிரியர் இல்லாத இடத்தில் ஓர்கெஸ்ட்ரா கேக்குதா?” அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று 2024இல்தான் முடிவானது. ஒரு வயலின் வாங்க ஒரு மாதத்துப் பேர் முழுவதும் போய்விடும் வீடுகள் நமது வீடுகள். ஆனால் நான் வயலினில் இருந்து தொடங்கச் சொல்லவில்லை. அலுமாரியில் இருப்பதில் இருந்து தொடங்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அழகியல் பாடம் ஏற்கெனவே நேரசூசியில் இருக்கிறது, ஓ.எல்.லில் தொகுதிப் பாடமாகவும் எடுக்கலாம். சங்கீத ஆசிரியர் இருக்கிற இடத்தில் அவர் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் படித்தவராக இருப்பார். ச ரி க ம எழுதவும் வாசிக்கவும் அவரால் சொல்லித்தர முடியும். அந்த எழுத்தைப் பார்த்து ஒரு மெலோடிக்காப் பிள்ளை வாசிக்கப் பழகினால், அது காப்பியடிப்பதில் இருந்து படிப்பதற்கு வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள், ஸ்கூல் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் போதும். தூரத்து டிவிஷன் பிள்ளைகளுக்குப் பஸ் பிரச்சினை இருக்கிறது. அதனால் நாளையும் நேரத்தையும் பெற்றோரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளியுலகில் இது நடந்திருக்கிறது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ ஏழைப் பிள்ளைகளின் கையில் வாத்தியம் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களை ஓர்கெஸ்ட்ராவில் உட்கார வைத்தது. இன்று உலகம் அறிந்த இசை நடத்துநர் குஸ்தாவோ துதமெல் அங்கே வளர்ந்தவர். சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி, வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்து ‘சன்ஷைன் ஓர்கெஸ்ட்ரா’வை நடத்துகிறது. ஆனால் எல் சிஸ்தேமா மேல் விமர்சனமும் உண்டு. கட்டுப்பாடு அதிகம், பிள்ளையின் குரலைவிட அரசாங்கத்தின் பெருமைதான் மேடையில் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஜூன் மாத மழைதான் ஞாபகம் வந்தது. வாத்தியம் பெரிதானால் மட்டும் போதாது, யாருக்காக வாசிக்கிறோம் என்பதும் மாற வேண்டும்.

இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் அரங்கேறியபோது நம்ம பக்கத்து போன்களிலும் அந்த வீடியோதான் ஓடியது. அவர் சின்ன வயதில் தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அந்த அண்ணன் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் மத்தியில் பாடிப் பெயர் எடுத்தவர். தேயிலை மலைக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது மறுப்பு எனக்குக் கஷ்டமானது. “நம்ம பிள்ளை தப்படிக்கக் கூடாதுன்னுதானே படிக்க வைக்கிறோம். திரும்ப ஸ்கூல்லயே அதக் கையில குடுக்குறீங்களா?” இதைச் சொல்கிறவர்கள் மேல்சாதிக்காரர்கள் இல்லை, தப்படிக்கிற குடும்பங்கள். மாமாவே தன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, என்னையும் தொட விட்டதில்லை. அடுத்தவன் வீட்டுச் சாவுக்குக் கூப்பிட்டவுடன் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அனுபவித்தவர் அவர். தப்பைக் கீழே வைப்பதுதான் மரியாதை என்று அவர் நினைப்பதில் பிழையே இல்லை.

ஆகவே ஒரு நிபந்தனை இருக்கிறது. பாடசாலைக்குள் தப்பு வந்தால் அது எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வர வேண்டும். அதிபரின் மகளும் பழக வேண்டும், கணக்கப்பிள்ளையின் மகனும் பழக வேண்டும். ‘அவன் வீட்டு ஆளுக்குத்தான் வரும்’ என்று அந்தக் குடும்பத்துப் பிள்ளையிடம் மட்டும் நீட்டினால், அது பழைய கட்டாய வேலைக்கு யூனிபோர்ம் போட்டுவிட்டது மாதிரிதான். சொல்லித்தருகிறவருக்கு வளவாளர் என்ற பெயரும், உட்கார ஒரு கதிரையும், கையில் காசும் கொடுக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை, இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. கண்டிய நடனத்துக்கு வாசிக்கிற மேளம் ஒரு காலத்தில் பெரவா சாதியினரின் பிறப்புக் கடமையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் அதைப் பாடசாலைப் பாடமாக்கியது. இன்று சிங்களப் பாடசாலைகளின் கீழைத்தேய வாத்தியக் குழுக்களில் எந்த வீட்டுப் பிள்ளையும் அதைப் பெருமையோடு இடுப்பில் கட்டிக்கொள்கிறது. அதனால் சாதி ஒழிந்துபோகவில்லை. பரம்பரைக் கலைஞர்களுக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மேளத்தைப் பிடிக்க இன்று ஒரு பிள்ளை வெட்கப்படுவதில்லை. தமிழ்நாட்டிலும் பறை மேடைக்கு வந்துவிட்டது. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் ஒலித்தன. நம்ம தப்பு மட்டும் ஏன் இன்னும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்?

செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன். பழைய மாணவர் சங்கங்கள் வருஷா வருஷம் கிரிக்கெட் டூர்னமெண்ட் நடத்துகின்றன. ஒரு வருஷக் காசில் பேண்ட் சாமான்களைத் திருத்தலாம், ஈரம் பிடிக்காத ஒரு அலுமாரியும் வாங்கலாம். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்து வரும் இளம் ஆசிரியர்களுக்கு, தோட்டத்துக் கலைஞர்களோடு சேர்ந்து கற்பிக்க ஒரு வழி செய்யலாம். வலயக் கல்விப் பணிமனை பேண்ட் போட்டியோடு நிறுத்தாமல், பாடசாலைகள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிற ஒரு நாளையும் வைக்கலாம். அந்த நாளில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம். விருந்தாளி பிந்தி வந்தால் அவருக்காக யாரும் காத்திருக்கவும் வேண்டாம்.

நம்ம கையில் இன்றைக்கே இருக்கிற வேலை ஒன்றும் உண்டு. படித்த பாடசாலைக்கு ஒருதடவை போய், அந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வேலை செய்கிறது என்று எழுதி வையுங்கள். அப்படியே உங்கள் தோட்டத்தில் தப்படிக்கிறவர் யார் என்றும், பாடசாலை கூப்பிட்டால் அவர் வருவாரா, என்ன மரியாதையில் வருவார் என்றும் அவரிடமே கேளுங்கள்.

நான் போன மாதம் மாமாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வருவேன். ஆனா நெருப்ப உள்ளதான் மூட்டுவேன்.”