பெற்றவள் மார்பும் தீட்டா?



நமது நாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் அதன்மேல் முதலில் உரிமை கொண்டாடுகிறவர்கள் யார் யார் என்று கணக்குப் பார்த்தால் ஜோசியன் வருகிறான், புரோகிதன் வருகிறான், சேனை வைக்கும் கிழவி வருகிறாள். பத்து மாதம் சுமந்து பெற்றவளோ கடைசியில்தான் வருகிறாள். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டவளாயிருந்தாலோ, அந்தக் கடைசி இடமும் அவளுக்கு உடனே கிடைப்பதில்லை.

சென்ற மாதம் எமது தங்கை மகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த காலை 10 மணிக்குக் கத்தி வைக்கப்பட்டது. முதுகில் ஊசி போட்டிருந்ததால் பெண்ணுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. பிள்ளை அழுத குரலைக் கேட்டாள். ஒரு விநாடி முகத்தைக் காட்டிவிட்டுத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். வராந்தாவில் அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஆயாவுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. ஒரு பாட்டி சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினாள். தாயின் மார்பில் பிள்ளையை வைத்தபோது மாலை 4 மணி. ஏன் என்று கேட்டோம். “ஆபரேஷன் கேஸ், அப்படித்தான்” என்றார்கள்.

“பெரியோர் வழக்கம், அப்படித்தான்” என்று புரோகிதன் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காரணம் சொல்லாத பதில் பஞ்சகச்சத்திலிருந்து வந்தாலென்ன, வெள்ளைக் கோட்டிலிருந்து வந்தாலென்ன?

ஆபரேஷனை நாம் குறைகூற வரவில்லை. அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. பிள்ளையைப் பிரித்துவைப்பதற்கு என்ன அவசியம் என்றுதான் கேட்கின்றோம். பிறந்த பிள்ளைக்கு முதல் எதிரி குளிர். தாயின் வெறும் மார்பில் வெறும் உடம்போடு கிடத்தி மேலே துணி போர்த்தினால் அவள் உடம்புச் சூடே அதைக் காக்கிறது. மூச்சும் நாடியும் நிதானப்படுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை குறையாமலிருக்க அது உதவுகிறது. பிள்ளை தானே காம்பைத் தேடிச் சப்புகிறது. சீம்பால் முதல் மணிக்குள் உள்ளே போகிறது.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த புதுமையுமல்ல. 1978-ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் சூட்டுப்பெட்டிகள் போதாதபோது எட்கார் ரே என்ற டாக்டர் குறைமாதப் பிள்ளைகளைத் தாய்மாரின் மார்பிலேயே கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் ஒரு சாராரைப் பிறந்தவுடன் தாய் மார்பில் வைத்தார்கள். மறு சாராரை, உடல் நிலைப்படும்வரை பெட்டியில் வைத்தார்கள். 28 நாளைக்குள் இறந்தவர்கள் பெட்டியில் வைத்த சாராரில் 100-க்கு 15.7, மார்பில் வைத்த சாராரில் 12. ஆபரேஷனில் பிறந்த பிள்ளைகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். அவ்வளவு நோஞ்சான் பிள்ளைக்கே மார்பு மருந்தானால், மூன்று கிலோ எடையில் வீறிட்டு அழும் பிள்ளையை ஆறு மணி நேரம் பிரித்துவைப்பதற்கு என்ன நியாயம்?

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100-க்கு 88.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்தன; ஆனால் முதல் ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்ற பிள்ளைகள் 41.8 மட்டுமே! தமிழ்நாட்டிலோ 100-க்கு 44.9 பிள்ளைகள் கத்தியால் பிறந்தவர்கள். ஆகவே இது யாரோ ஒருத்தியின் சங்கதியல்ல. ஏறக்குறைய நம் வீட்டுப் பெண்களில் பாதிப்பேருடைய சங்கதி.

“தையல் போடும்போது எப்படி வைப்பது?” என்பார்கள். தையல் அடிவயிற்றில், பிள்ளை மார்பில், நடுவே திரை இருக்கிறது. “அறை குளிராயிற்றே?” என்றால், குல்லாயும் காய்ந்த துணியும் எதற்கு? “ஆளில்லை” என்றால் அதுதான் நிஜமான காரணம். அதைச் சொல்லி ஆளைக் கேட்கட்டும். பிள்ளையின் மூக்கும் முகமும் மறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு நர்சு பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். தாய்க்கு முழு மயக்கம் கொடுத்திருந்தால் தெளிந்தவுடன் வைக்கலாம். அதுவரை தகப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் மார்பில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை மூச்சுவிடத் திணறினாலோ, தாய்க்கு இரத்தம் நிற்காவிட்டாலோ வைத்தியமே முதல். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் குற்றம் ஆஸ்பத்திரியின்மேல் மட்டுமா? நல்ல நேரம் கேட்டு டாக்டரைத் துரத்தியவர் யார்? சீம்பாலைப் பிழிந்து கொட்டச் சொன்னவர் யார்? பெற்றவளைத் தீட்டென்று மூலையில் ஒதுக்கினவர் யார்? நாம்தான்!

ஆதலால் ஆண்களே! உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ பேறுகாலம் வரும்போது ஜோசியன் வீட்டுக்கு நடக்கும் நடையை ஆஸ்பத்திரிக்கு நடவுங்கள். “பிள்ளை பிறந்தவுடன் தாய் மார்பில் வைப்பீர்களா? இல்லையென்றால் ஏன்?” என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முறைப்பார்கள். நூறு பேர் கேட்டால் வழக்கம் மாறும். பிள்ளைக்கு ராசி எது, நட்சத்திரம் எது என்று அப்புறம் கேட்கவே தோன்றாது.