காணாமல் எழுதும் மடல்

முன்பின் அறியாத ஒருவருக்கு வணிகம் வேண்டி மின்மடல் எழுதுவதும், மறுமொழி வாராவிடின் நாள் கணக்கு வைத்து அடுத்தடுத்து மடல் விடுப்பதும் இன்று ஒரு தொழிற்கலையாகப் போற்றப்படுகின்றன. இதனைக் கற்பிக்க வகுப்புகள் நடக்கின்றன. ஆயத்த மடல்கள் ஏழெட்டைக் கட்டாகக் கட்டி விலைக்கு விற்போரும் உளர். பெயர் நிற்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுவைத்தால் போதும், எஞ்சியதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்தம் உறுதிமொழி. இக்கலை மொழிக்கும் கேடு, வணிகத்திற்கும் கேடு என்பதே என் துணிபு. இக்கேட்டிற்குத் தமிழாசிரியர்களாகிய நாமும் ஒருவகையில் பொறுப்பாளிகள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் சிங்கப்பூரில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதித் தரும் தொழில் நடத்துகிறார். சில திங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். கையில் ஏழு ஆங்கில மடல்கள் இருந்தன. "ஐயா, கடைக்காரர்களில் நம்மவர் பலர். இவற்றைத் தமிழில் ஆக்கித் தர வேண்டும்" என்றார். இரண்டாயிரம் மின்முகவரிகள் கொண்ட பட்டியல் ஒன்றையும் விலைக்கு வாங்கியிருந்தார்.

மடல்களைப் படித்தேன். முதல் மடல், 'தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியைக் கண்டு வியந்தேன்' என்று தொடங்கிற்று. எந்த நிறுவனம், எத்தகைய வளர்ச்சி என்பது எழுதியவருக்கே தெரியாது. இரண்டாம் மடலின் தலைப்பு, முன்னரே நடந்துகொண்டிருந்த உரையாடலுக்கு மறுமொழி போல நடித்தது. மூன்றாவது, 'என் மடல் தங்கள் பார்வைக்குத் தப்பியிருக்கலாம்' என்று இரங்கியது. நான்கும் ஐந்தும் அதே பல்லவி. ஆறாவதில் ஒரு வேடிக்கைக் கதை. ஏழாவது, 'இதுவே இறுதி மடல், தங்கள் கோப்பை மூடிவிடுகிறேன்' என்று சினந்து விடைபெற்றது. திறவாத கோப்பை எவ்வாறு மூடுவது? ஏழு மடல்களிலும் வாசகர் பெறக்கூடிய செய்தி ஒன்றுகூட இல்லை.

மொழிபெயர்க்க மறுத்தேன். அப்போதுதான் அவர் மெல்ல உண்மையைச் சொன்னார். முதல் இரண்டு மடல்களை ஆங்கிலத்திலேயே அனைவருக்கும் அனுப்பி முடித்திருந்தார். நாலாயிரம் மடல்களுக்கு வந்த மறுமொழிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று வசை. அதனினும் கொடிது, அவருடைய பழைய வாடிக்கையாளர்க்கு அனுப்பும் கட்டணச் சீட்டுகளும் அவர்களின் குப்பைமடல் பெட்டிக்குள் விழத் தொடங்கியிருந்தன. பணம் வரவில்லையே என்று தொலைபேசியில் கேட்ட பிறகே அது தெரிய வந்தது. ஊதியம் கொடுக்க வேண்டிய உதவியாளர் ஒருவர் அவரிடம் இருக்கிறார். அம்மாதம் அவர் பட்ட பாட்டை நான் விரித்துரைக்க விரும்பவில்லை.

இது ஏன் நிகழ்ந்தது என்பதை மாணவர் அறிதல் நலம். மடலைப் பெற்றவர் 'இது வேண்டா மடல்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால், அம்முறையீடு அனுப்பியவரின் இணையப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் மடல் அனுப்புவோர்க்கு ஒரு வரம்பு விதித்தன. முறையீடுகள் ஆயிரத்துக்கு மூன்று என்னும் அளவை எட்டக்கூடாது. சிறியோரின் மடலையும் அந்நிறுவனங்கள் பெறுவோரின் மனநிலை கொண்டே எடைபோடுகின்றன. ஊரில் பெயர் கெட்டவன் உண்மை பேசினாலும் கதவு திறவாது என்பதைப் போன்றதே இது.

சட்டமும் உண்டு. சிங்கப்பூரில் 2007-ஆம் ஆண்டின் வேண்டா மடல் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரே பொருள் பற்றிய மடல்கள் 24 மணி நேரத்தில் 100-க்கு மேலோ, 30 நாளில் 1,000-க்கு மேலோ, ஓராண்டில் 10,000-க்கு மேலோ சென்றால் அதனை மொத்த அனுப்புதல் எனக் கொள்கிறது. கேட்காமல் அவ்வாறு அனுப்பும் வணிக மடலின் தலைப்பில் விளம்பரம் என்னும் அடையாளம் இருத்தல் வேண்டும். இனி வேண்டா என்று சொல்ல வழியும் இருத்தல் வேண்டும். மீறினால், பாதிக்கப்பட்டவர் வழக்காடி மடலொன்றுக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு பெறலாம்; மொத்த உச்சவரம்பு பத்து இலட்சம் வெள்ளி. இரண்டாயிரத்தை ஏழால் பெருக்கிப் பாருங்கள். கணக்கெழுதும் தொழிலுடைய என் மாணவி இக்கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

'ஆயிரத்தில் ஒருவர் இசைந்தாலும் ஆதாயமே' என்று வாதிடுவோர் உளர். 1978 மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துயர்க் என்பார், அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கண்டனம் பிறந்தது, விற்பனையும் நடந்தது என்று பின்னாளில் அவர் கூறினார். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், அன்று ஒருவர் செய்ததை இன்று எல்லாரும் செய்கின்றனர். தெருவில் ஒருவன் கூவினால் திரும்பிப் பார்ப்போம். தெருவே கூவினால் சன்னலைச் சாத்துவோம். செயற்கை நுண்ணறிவு இன்று அவ்வெற்றிடத்தில் பெயரோடு இரண்டு புகழுரையும் சேர்த்து நிரப்பித் தருகிறது. பொய்யின் அளவு கூடிற்றேயன்றி வேறில்லை.

இனி நம் பங்குக்கு வருவோம். நாம் வகுப்பில் அலுவல் கடிதம் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், நாள், தலைப்பு, 'மேற்காணும் பொருள் தொடர்பாக' என்னும் தொடக்கம், பணிவான முடிவு. இவை உரிய இடத்தில் நின்றால் மதிப்பெண் கிடைத்துவிடும். பெறுநர் யார், அவர் ஏன் இதனைப் படிக்க வேண்டும், படித்தபின் என்ன செய்ய வேண்டும் என்று என்றேனும் கேட்டோமா? நான் கேட்டதில்லை. என் மாணவி இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் எழுதிய கடிதங்கள் யாவும் பெறுநர் இல்லாத கடிதங்களே. வெற்றிடத்தில் பெயரை நிரப்பும் பழக்கத்தை விற்பனையாளர் அவருக்குப் புதிதாகக் கற்பிக்கவில்லை.

வணிக மடல் தமிழாசிரியர்க்கு உரிய பொருளன்று என்று ஒதுங்கும் நண்பர்களுக்குப் பெருஞ்சித்திரனாரை நினைவூட்டுவேன். பரிசில் நாடிச் சென்ற அப்புலவரை அதியமான் நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். வறுமையில் வாடியவர் அவர். ஆயினும் ஏற்க மறுத்தார். தன்னைப் பார்த்துத் தன் தகுதி அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் போதும் என்பது அவர் கொள்கை. பொருளையே காணாது கொடுத்தால் கொள்ளமாட்டேன் என்றவர் மரபில் வந்த நாம், காணாது எழுதிய புகழுரையைப் பிறர் கொள்வர் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? புறநானூற்றை வகுப்பில் நடத்துகிறோம். அதே வகுப்பின் கடிதப் பாடத்தில் அதனை மறந்துவிடுகிறோம்.

மறுத்ததோடு நில்லாமல், அன்று மாலை அவரோடு அமர்ந்து ஒரு மடல் எழுதினேன். பட்டியலை அழிக்கச் சொன்னேன். அவர் தாமே சென்று பார்த்த முப்பது கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். துணிக்கடை ஒன்றுக்கு எழுதியது இது: 'வணக்கம். சிராங்கூன் சாலையில் உள்ள தங்கள் கடையில் சென்ற வாரம் புடவை வாங்கினேன். ரசீதில் பொருள் சேவை வரியைக் கையால் கணக்கிட்டு எழுதித் தந்தார்கள். சிறு கடைகளின் கணக்கை எழுதித் தருவது என் தொழில். மார்ச்சு மாதம் முடியும் காலாண்டுக்கான வரிக்கணக்கை ஏப்ரல் 30-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அவ்வேலையைத் தாங்களே செய்கிறீர்களா, வேறொருவர் செய்கிறாரா? ஒரு சொல்லில் பதில் போதும். தங்கள் முகவரியைக் கடையின் அட்டையிலிருந்து எடுத்தேன். இனி எழுத வேண்டா எனில் அவ்வாறே தெரிவியுங்கள்.'

கையால் எழுதுவது காலத்துக்கு ஒவ்வாது என்று ஒரு வரி முதலில் இருந்தது. அதனை அடித்துவிட்டோம். அறியாதவர் வீட்டு வாயிலில் நின்றுகொண்டு கோலத்தில் குறை சொல்லலாகாது. மடலின் முதல் வரி அந்த ஒருவருக்கன்றி வேறெவருக்கும் பொருந்தாது என்பதைக் காண்க. வேண்டுகோள் ஒன்றே, அதுவும் விடையிறுக்க எளிய வினா. தலைப்பு 'தங்கள் கடையின் வரிக்கணக்கு' என்பதுதான்.

தொடர்மடல் கூடவே கூடாது என்பதன்று என் வாதம். கடைக்காரர் வேலை மிகுதியால் மறந்திருக்கலாம். பத்து நாள் கழித்து இரண்டாவது எழுதலாம். ஆனால் அது 'முன்மடலைப் பார்த்தீர்களா' என்று கேட்பதாயின் எழுதாதிருத்தலே நன்று. இரண்டாம் மடலில் அவ்வாண்டின் நான்கு காலாண்டுகளுக்குமான இறுதி நாள்களை ஒரு சிறு அட்டவணையாகத் தந்தோம். அவரை அமர்த்தாத கடைக்காரரும் அதனைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, தீபாவளிக்குப் பின் ஒரே ஒரு முறை. அத்தோடு நிறுத்தம். மடலைத் திறந்தாரா என்று வேவு பார்க்கும் கருவியையும் நீக்கச் சொன்னேன். 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் அஞ்சற் செயலியில் செய்த மாற்றத்திற்குப் பிறகு அக்கருவி காட்டும் எண்ணிக்கையை நம்புவதற்கில்லை; நம்பக்கூடியதாயினும் விருந்தினர் சாவித்துளை வழியே பார்ப்பது முறையன்று.

முப்பதில் ஒன்பது பேர் மறுமொழி எழுதினர். மூவர் வாடிக்கையாளராயினர். ஒருவர் தமக்கு வேண்டா என்று சொல்லிவிட்டு, பக்கத்து நகைக்கடைக்காரரிடம் போகுமாறு வழி காட்டினார். பரிசில் பெற்றவனே வழிகாட்டுவான் என்பது ஆற்றுப்படை மரபு; பெறாதவரும் ஆற்றுப்படுத்தியதைக் கண்டு வியந்தேன்.

என் மாணவிக்கு இன்னும் முழு நிறைவில்லை. மூன்று வாடிக்கையாளரைக் கொண்டு உதவியாளரின் ஊதியத்தை ஈடுகட்ட முடியாது என்கிறார். அது மெய்தான். நான்காம் மடல் ஒன்று எழுதித் தருமாறு சென்ற கிழமை மீண்டும் கேட்டார். அதற்கு மாறாக, இன்னும் முப்பது கடைகளின் பெயரை எழுதி வருமாறு கேட்டிருக்கிறேன்.