பணம் நிற்குமென்றதும் பறந்த நிறபேதம்

அமெரிக்காவில் முதியோருக்கான சர்க்கார் வைத்திய இன்ஷ்யூரன்சாகிய மெடிக்கேர் 1966 ஜூலை 1ந் தேதி அமுலுக்கு வந்தது. நிறபேதம் காட்டும் ஆஸ்பத்திரிக்குப் பணமில்லை என்று சர்க்கார் கண்டிப்பாய்ச் சொல்லவே, கருப்பருக்குத் தனி வார்டு வைத்திருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் சில மாதங்களிலேயே அப்பேதத்தைக் கைவிட்டன. நூறாண்டு வேதப் பிரசங்கம் செய்யாததைப் பில் பணம் செய்துவிட்டது!

ஆனால், தனி வைத்தியர்களுக்குப் போகும் மெடிக்கேர் பணம் மட்டும் சர்க்கார் உதவியே அல்லவென்று விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்கை 2024 மே மாதந்தான் சர்க்கார் மாற்றிற்று. 58 வருஷம்! இவ்விதிக்குத் தயாராகும் வைத்தியர் பில் புஸ்தகத்தைத் திருத்தினால் போதுமா? வாசலில் வருவோரை நடத்தும் முறையைத் திருத்த வேண்டாமா? பொதுஜனப் பணத்தை வாங்குகிறவருக்கு ஜனங்களில் உயர்வு தாழ்வு பார்க்க யோக்கியதை ஏது?

தோழர்களே! பேதம் உபதேசத்தால் ஒழியாது. அதனால் வரும் லாபம் நின்றால்தான் ஒழியும்.