உழவர் சந்தை அட்டையை வியாபாரிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் போட்டிருக்கிறது. உழவர் சந்தை அடையாள அட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாததால் சந்தைக்குப் போவது குறைந்துவிட்டது. தெரிந்த வியாபாரி ஒருவர், அட்டையைக் கொடுத்தால் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். சும்மா கிடக்கும் அட்டைதானே, கொடுத்தால் என்ன?

- வாசகி, தொண்டாமுத்தூர் வட்டாரம், கோவை மாவட்டம்

பதில்: கொடுக்கக் கூடாது. பிடிபட்டால் அட்டை ரத்தாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கணக்கில் இருக்கிறது.

உழவர் சந்தையில் தினமும் காலையில் விலைப் பலகை எழுதப்படுகிறது. மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அந்த விலை வைக்கப்படுகிறது. ஒரு கிலோ வெண்டைக்காய் மண்டியில் 20 ரூபாய், கடையில் 28 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உழவர் சந்தைப் பலகையில் 24 ரூபாய் இருக்கும். மண்டிக்குப் போனால் அந்த 20 ரூபாயும் முழுதாகக் கைக்கு வராது. நூற்றுக்குப் பத்து கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு என்று கழித்தால் 16 அல்லது 17 ரூபாய்தான் மிஞ்சும். உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். 50 கிலோ கொண்டுபோனால் சுமார் 350 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். டெம்போ வாடகையும் ஒரு காலை நேரமும் செலவு என்றாலும், வாரத்துக்கு இரண்டு நாள் போனாலே அது கண்ணுக்குத் தெரியும் வருமானம். வியாபாரி தருவதாகச் சொல்லும் தொகையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வியாபாரி ஏன் பணம் கொடுத்து அட்டை கேட்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். சந்தையில் அவருக்கு வேண்டியது உழவர் என்ற பெயர்தான். ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் விடியற்காலையில் பையோடு வந்து நிற்கும் நகரத்து மக்கள் விலை குறைவு என்பதற்காக மட்டும் வருவதில்லை. நேற்று மாலை பறித்த காய், பறித்தவர் கையாலேயே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். மண்டிக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போகும் காய் இரண்டு மூன்று நாள் வாடியிருக்கும். அந்தக் காயை அட்டை என்ற மறைப்பில் விற்றால், ஒரு வாரத்தில் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். பிறகு அவர் நடைபாதைக் கடையிலேயே வாங்கிக்கொள்வார். நட்டம் அட்டை கொடுத்தவருக்கு மட்டும் இல்லை. பக்கத்துக் கடையில் சொந்தக் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும்தான். கடைகள் குறைவாக உள்ள சந்தையில் ஒரு வியாபாரி உள்ளே வந்தால், ஒரு விவசாயி இடம் கிடைக்காமல் திரும்புகிறார்.

இந்தச் சந்தைகள் எளிதாக வந்துவிடவில்லை. பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி' தொடங்கியது. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ம் தேதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது, அப்போது மு.கருணாநிதி முதலமைச்சர். அதன்பின் கோவை உட்பட பல மாவட்டங்களுக்கு அது பரவியது. ஜப்பானில் 1970-களில் இல்லத்தரசிகளும் விவசாயிகளும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட முறைக்கு 'தெய்கெய்' என்று பெயர். விவசாயியின் முகம் தெரியும் உணவு என்று அதை விளக்குவார்கள். எந்த ஊரானாலும் நேரடி விற்பனை நிற்பது அந்த முகத்தை நம்பித்தான்.

அட்டை கொடுக்கும் முன் சிட்டா, அடங்கல் பார்ப்பதும், அலுவலர்கள் தோட்டத்துக்கே வந்து பயிரைப் பார்ப்பதும் இதற்காகத்தான். அட்டையில் உள்ள நிலத்தில் விளையாத பொருள் கடையில் இருந்தால் கேள்வி வரும். தாளியூர்த் தோட்டத்து அட்டையை வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக கேரட் விற்றால், அடங்கலைப் பார்க்காமலே யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் வியாபாரி இல்லை, அட்டையில் படம் உள்ளவர்.

வாசகியின் சிரமம் உண்மையானது. உடம்பு முடியாதவரை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் இருட்டோடு கிளம்ப முடியாது. அதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சந்தையின் நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லலாம். மகன், மகள், மருமகள் என்று அதே குடும்பத்தில் விற்க வரக்கூடியவர் இருந்தால், அவரை அட்டையில் சேர்க்க என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும் தேவையான சான்றை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, தினமும் போக வேண்டும் என்றில்லை. கூட்டம் அதிகம் வரும் சனி, ஞாயிறு மட்டும் போகலாம். மற்ற நாள் காயை மண்டிக்கோ, தோட்டத்துக்கே வந்து எடுக்கும் வியாபாரிக்கோ கொடுப்பதில் தவறே இல்லை. அட்டை கேட்கும் அதே வியாபாரிக்குக் காயை விற்கலாம். அட்டையைத்தான் விற்கக் கூடாது.

மூன்றாவது, அந்த இரண்டு நாளுக்குத் தகுந்த மாதிரி பயிரைப் பிரித்துப் போடலாம். ஒன்றரை ஏக்கரும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் காய் குவியும். சந்தையில் விற்றுத் தீராது. சிறுகீரை 25 நாளில் வரும், வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வரும், சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாள் எடுக்கும். கீரையைப் பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் கடையில் எப்போதும் பச்சை இருக்கும். நாலு வகை காய் வைத்திருக்கும் கடையில்தான் ஆள் நிற்கும். வெண்டையையும் கீரையையும் முந்தின நாள் மாலையில் பறித்து, ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் வைத்தால் காலையில் வாடாமல் இருக்கும். வெங்காயம் காத்திருக்கும், அதை விலை பார்த்து எடுத்துப் போகலாம். அன்றன்றைய விலையை 'உழவன்' செயலியில் பார்த்துக்கொண்டு கிளம்பினால் வீண் அலைச்சல் மிச்சம்.

நகரத்தில் உள்ள உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். சந்தையில் காய் வாங்கும்போது எந்த ஊர்த் தோட்டம், எப்போது பறித்தது என்று கேட்கச் சொல்லலாம். சொந்தத் தோட்டத்துக்காரர் தயங்காமல் பதில் சொல்வார். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளர் பெருகினால், அட்டை கேட்டு எந்த வியாபாரியும் வீடு தேடி வரமாட்டார்.

அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வீட்டுக்காரர் குணமாகி எழுந்ததும், தராசுக்குப் பின்னால் அவர்கள் இடம் அப்படியே இருக்கும்.